புண்ணாக்கு சூப்

எனக்கு மூக்கு கொஞ்சம் ஜாஸ்தி. மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்கும் கீழே திருப்பத்தூருக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிறவனுக்கு இப்படி ஒரு மூக்கு வாய்த்திருக்கக் கூடாது. புளி மூட்டை, பழுத்து வெடித்த பலா, ஆட்டுக்குட்டி, கோழிக் கூடை என்று எல்லாம் ஏறும் வண்டி அது. வளைவில் திரும்பும்போது பின்சீட்டில் யாருக்குக் குமட்டப் போகிறது என்பதை அவர்கள் வாயைப் பொத்தும் முன்பே சொல்லிவிடுவேன். இத்தனை வருஷம் ஓட்டியும் அந்த வாடைகள் எனக்குப் பழகவில்லை. ஆனால் அவை எல்லாவற்றையும் ஒரே கோணியில் போட்டுக் கட்டி வைத்தாலும் மிசோவுக்கு உறை போடக் காணாது.

மிசோ என்பது ஜப்பான்காரர்கள் தின்னும் ஒரு விழுது. சோயாவை வேகவைத்து, பூஞ்சணம் பிடிக்கவைத்த அரிசியோடும் உப்போடும் பிசைந்து, மாதக்கணக்கில் மூடி வைத்துப் புளிக்கவிடுவார்களாம். நம் வீட்டில் அரிசி பூஞ்சணம் பிடித்தால் குப்பையில் கொட்டிவிட்டு வீட்டுக்காரியிடம் திட்டு வாங்குவோம். அவர்கள் டப்பாவில் அடைத்து விலை வைக்கிறார்கள். அந்த டப்பா என் ஜீப் கொட்டகைக்கு வந்து சேர்ந்த கதையைத்தான் சொல்கிறேன்.

என் மனைவிக்கு மார்பில் கட்டி. வேலூரில் அறுவை முடிந்து, மருந்து ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை மலையிறங்கிப் போய், நாள் முழுக்கப் படுத்து ஏற்றிக்கொண்டு வர வேண்டும். முடி கொட்டியதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பேன் தொல்லை உட்டுது" என்று ஒரு துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டாள். ஆனால் சாப்பாடு போயிற்று. அதுதான் எங்களை ஆட்டிவைத்தது.

முதலில் காரம் ஆகவில்லை. பிறகு தாளிக்கிற வாடை ஆகவில்லை. பிறகு சோறு கொதிக்கிற ஆவி பட்டாலே எழுந்து வெளியே ஓடினாள். சாமைச் சோறு, கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், நாட்டுக்கோழி ரசம், மோர், கஞ்சி, ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த வெண்ணிலா வாசனைச் சத்து மாவு எல்லாம் போய் எல்லாம் திரும்பி வந்தன. அவள் வாந்தி எடுத்த வாளியை நான்தான் கழுவுவேன். அன்பாகச் செய்தேன் என்றெல்லாம் எழுத மாட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழியக் கழுவினேன். கழுவி முடித்ததும் பலா மரத்தடியில் போய் நானும் குமட்டுவேன்.

வேலூரில் மருத்துவர் அவளை எடைபோடும் மெஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எடை இதுக்கு மேல எறங்கக் கூடாதுங்க. எறங்கினா அடுத்த மருந்து ஏத்த முடியாது, தள்ளிப்போடணும். தள்ளிப்போடறது அவங்களுக்கு நல்லதில்ல. எதுனா சாப்பிட வைங்க" என்றார். எதுனா என்றால் எது? அதை அவரும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. வாசலில் நின்றிருந்த அவள், "இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள். "நல்லா சாப்டச் சொன்னாரு" என்றேன். "இதச் சொல்றதுக்குத் தனியாக் கூப்ட்டாரா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நடந்தாள்.

வீட்டுக்கு வந்து போகிறவர்கள் சும்மா இருப்பார்களா? ஒருத்தி பப்பாளி இலைச் சாறு என்றாள். ஒருவர் கழுதைப்பால் என்றார், அதுவும் என் முகத்தைப் பார்த்து. எல்லோரும் அவள் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, "பாவம், எப்புடி இருந்த பொம்பள" என்று அவள் காதுபடவே சொல்லிவிட்டுப் போனார்கள். நோயைவிட அந்த 'ச்சூ' கொட்டல்தான் எனக்கு அதிகம் அருவருப்பாக இருந்தது. ஒருநாள் வாசலில் ஜீப்பைக் குறுக்கே நிறுத்திவைத்தேன், யாரும் சுலபமாக உள்ளே வரக் கூடாது என்று. சுற்றிக்கொண்டு வந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் மச்சான் வந்தான், அவளுடைய தம்பி. சென்னைக்கு வெளியே ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல்காரன். கார் பாகம் செய்கிற கம்பெனிகளுக்கு வந்துபோகும் ஜப்பான்காரர்கள் அங்கே தங்குவார்கள். மலையில் சாமை விதைத்துக்கொண்டிருந்தவன், இப்போது குச்சியால் சாப்பிடுகிறவர்களுக்குப் பொங்கிப் போடுகிறான். தோளில் ஒரு தெர்மாகோல் பெட்டியோடு வந்து இறங்கினான். அக்காவைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை.

"இன்னா மாமா இது, இப்புடி இளைச்சிப் பூட்டா?" என்று கொட்டகைப் பக்கம் என்னை இழுத்து வந்து கேட்டான்.

"நான் இன்னாடா பண்றது? எத வெச்சாலும் வாந்தி."

"எங்க கெஸ்ட் ஹவுஸ்ல ஒரு வயசான ஆளு இதே வைத்தியம் பண்ணிகினு வந்து தங்கினாரு. வேற எதுவும் வோணான்னாரு. மிசோ சூப் மட்டும்தான். காய்கறி போட்டு, பேக்கன் போட்டு. நான் கொண்டாந்திருக்கேன்."

"பேக்கன்னா?"

அவன் ஒரு நொடி என்னைப் பார்த்தான். "பன்னிக்கறி மாமா. உப்புல போட்டு, பொகையில காட்டி வெச்சது."

எங்கள் வகையறாவில் பன்றி ஆகாது. சாமிக்கு ஆகாது என்பார்கள். எந்தச் சாமி, எப்போது சொன்னது என்று யாருக்கும் தெரியாது. மனைவியின் பிறந்த வீட்டில் தின்பார்கள். ஆனால் அவர்களுமே வீட்டுக்குள் சமைக்க மாட்டார்கள். வெளியே மூன்று கல் கூட்டி, தனிக் குண்டானில் வேகவைத்து, வெளியிலேயே தின்று, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் வாசப்படி ஏறுவார்கள். அவளைக் கட்டிக்கொண்டு வந்தபோது அதை விட்டுவிட்டு வரச் சொன்னவர் என் அப்பா. அவளும் விட்டாள். இப்போது நானே எப்படி?

ஆபத்துக்குப் பாவமில்லை என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அதைச் சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே வீட்டுக்குள்ளிருந்த ஃப்ரிட்ஜை நானும் மச்சானுமாகத் தூக்கி ஜீப் கொட்டகைக்குக் கொண்டுபோனோம். சாமி படத்துக்கு நேர் எதிரே பன்றியை வைக்க எனக்கு மனசு வரவில்லை.

மச்சான் பெட்டியைப் பிரித்தான். பிளாஸ்டிக் உறைக்குள் வெள்ளையும் சிவப்புமாகக் கோடு கோடான பட்டைகள், ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக்கிடந்தன. விரலால் பிரித்தபோது ஈரமாக ஒரு சத்தம் வந்தது. கொழுப்பு அவன் நகக்கண்ணில் வெள்ளையாக ஏறியது. பிறகு மிசோ டப்பாவைத் திறந்தான். நான் நாலடி தள்ளி நின்றிருந்தேன். அங்கேயே வந்து முகத்தில் அறைந்தது. மாட்டுக்கு ஊறப்போட்ட கடலைப் புண்ணாக்கை மறந்துவிட்டு, நாலு நாள் கழித்துத் தொட்டி மூடியைத் திறந்தால் ஒரு வாடை வருமே, அதேதான். அதற்குள் யாரோ பழைய கருவாட்டைக் கழுவி ஊற்றிய மாதிரியும் இருந்தது.

"மோந்து பாரு மாமா, இன்னா மணம்" என்றான் மச்சான்.

"தூரப் போடா" என்றேன்.

மூன்று கல் கூட்டினான். குண்டான் காய்ந்ததும் பட்டைகளை நறுக்கிப் போட்டான். எண்ணெய் ஊற்றவில்லை. அது தன் கொழுப்பிலேயே உருகிச் சுருண்டது. அதில் வெங்காயம், கேரட், முள்ளங்கி, உருளைக்கிழங்கு, கோஸ் என்று போட்டு வதக்கினான். காய்கறியெல்லாம் நம்முடையவை, நல்ல காய்கறிகள். அவற்றை அந்தக் கொழுப்பில் புரட்டுவதைப் பார்க்க எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. தண்ணீர் ஊற்றி வேகவிட்டான். வெந்ததும் கீழே இறக்கி, கரண்டியில் கொஞ்சம் சாற்றை மொண்டு, அதில் மிசோவைக் கரைத்து உள்ளே ஊற்றினான். "இது உட்டப்புறம் கொதிக்க வெக்கக் கூடாது மாமா. மணம் பூடும்" என்றான். கலங்கலாக, மழைக்குப் பின் ஓடை ஓடுகிற நிறத்தில் ஆனது. மேலே கண் கண்ணாகக் கொழுப்பு மிதந்தது.

அதைத்தான் அவள் குடித்தாள். கட்டிலை விட்டு எழுந்து, கொட்டகைக்கு வந்து, ஜீப்பின் படியில் உட்கார்ந்து ஒரு கிண்ணம் குடித்தாள். கோஸை மென்றாள், கிழங்கை மென்றாள், அந்தப் பன்றிப் பட்டையையும் மென்றாள். நான் கையில் வாளியோடு பக்கத்தில் நின்றேன். வாளி காலியாகவே இருந்தது. சாயங்காலம் வரை காலியாகவே இருந்தது.

மச்சான் கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. என் நிலத்துச் சாமை, என் வீட்டுக் கோழி, நான் பார்த்துப் பார்த்துச் செய்த ரசம் எதுவும் நிற்காத வயிற்றில், இந்தச் சனியன் நின்றுவிட்டதே என்று.

மச்சானுக்கு லீவு கிடையாது. மறுநாளே கிளம்பினான். டப்பாவும் பட்டைகளும் மாசாமாசம் பஸ்ஸில் போட்டு அனுப்புவதாகச் சொன்னான். ஜீப் ஏறும்போது, "நீ செய்வியா மாமா?" என்று சந்தேகமாகக் கேட்டான். வேறு யார் செய்வார்கள்? ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு விஷயம் சொல்லும் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். முதலில் அவருக்கும் புரியவில்லை. டப்பாவில் எழுதியிருந்ததைப் போட்டோ எடுத்து அனுப்பிய பிறகு, "புளிச்ச பொருளுங்க, எதிர்ப்புச் சக்தி கம்மியா இருக்கற நேரம். பொகை போட்ட கறியும் தெனம் வோணாம், கொஞ்சமாப் போடுங்க. எல்லாத்தையும் நல்லாக் கொதிக்க வெச்சிக் குடுங்க" என்றார். எனக்குச் சந்தோஷம். கொதித்தால் மணம் போய்விடும் என்று மச்சான் சொன்னானே, போகட்டும் சனியன்.

போகவில்லை. கொதிக்க வைத்ததும் அது குண்டானை விட்டுக் கிளம்பி ஊருக்குள் போயிற்று. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேல் தலையை நீட்டி, "இன்னாண்ணே, டயரு கொளுத்துறியா?" என்றாள். "ஆமா, பழைய டயரு" என்றேன். வேறென்ன சொல்வது? எங்கள் வகையறாக்காரன் பன்றி வேகவைக்கிறான் என்று சொன்னால், அடுத்த திருவிழாவில் எனக்குப் பூசைத் தேங்காய் கிடைக்காது. ஈரத் துண்டை மடித்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, கண்ணை மட்டும் வெளியே விட்டு, திருடன் மாதிரி உட்கார்ந்து கிண்டினேன்.

தனியாகச் செய்த முதல் நாளே கோட்டை விட்டேன். அதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீடுகளில் சமைக்கிறவர் வாயில் வைத்துப் பார்ப்பதில்லை. பார்த்தால் எச்சில். உப்பு போதுமா, புளி போதுமா என்பதையெல்லாம் கொதிக்கிற ஆவியிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். என் மனைவி அதில் கெட்டிக்காரி. ஒரே ஒரு மோப்பம் பிடித்துவிட்டு, "இன்னும் நாலு கல்லு" என்பாள், சரியாக இருக்கும். எனக்கும் மூக்கு வாய்த்திருப்பதால் ஓரளவு வரும். ஆனால் துண்டு கட்டிய மூக்கால் எதைக் கண்டுபிடிக்க? அதோடு கை பழக்கம். அடுப்பில் தண்ணீர் ஊற்றினால் கை தானாக உப்பு ஜாடிக்குப் போகும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே அல்லவா. ஒரு பிடி கல்லுப்பை அள்ளிப் போட்டேன். அதன் மேல் மிசோவையும் கரைத்தேன்.

அவள் முழுக் கிண்ணமும் குடித்தாள். ஒரு சுளிப்பில்லை, ஒரு வார்த்தையில்லை. எனக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. குண்டானில் மிச்சமிருந்ததை நாய்க்கு ஊற்றினேன். நாய் ஓடி வந்து ஒரு நக்கு நக்கியது. நிமிர்ந்து என்னைப் பார்த்தது. பிறகு நேராக மாட்டுத் தொட்டிக்குப் போய்த் தண்ணீர் குடித்தது, விடாமல் குடித்தது.

பன்றியென்றால் வாலை ஆட்டுகிற நாய் அது. எனக்கு எங்கோ உதைத்தது. மச்சானுக்குப் போன் செய்து, ஒவ்வொன்றாக என்ன போட்டேன் என்று சொன்னேன்.

"உப்பா? உப்பு எதுக்குப் போட்ட?" என்று அலறினான். "பேக்கனே உப்பு, மிசோவே உப்பு. தனியா ஒரு கல்லுகூடப் போடக் கூடாது மாமா. அக்கா குடிச்சிட்டாளா அத? ஒண்ணும் சொல்லலியா?"

ஒன்றும் சொல்லவில்லை. ரசத்தில் ஒரு கல் கூடினால் தட்டை நகர்த்தி வைக்கிற பெண், ஒன்றும் சொல்லவில்லை.

உள்ளே போனேன். தலைக்கு ஊற்றிக்கொள்ளாமலே போனேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"சூப்பு எப்புடி இருந்துது?" என்றேன்.

"நல்லாதான் இருந்துதுங்க."

"உப்பு?"

"சரியா இருந்துது."

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் திரும்பிப் படுத்து என்னைப் பார்த்தாள். நான் தெரிந்துகொண்டேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எப்பலேருந்து?" என்றேன்.

"ரெண்டாவது மருந்துலேருந்து. மொதல்ல ஆணிய சப்புற மாதிரி இருந்துது. அப்புறம் அதுவும் பூட்டுது. உப்பு, புளி, காரம் ஒண்ணும் தெரியல. நாக்கு செத்துப்பூட்டுதுங்க."

"சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ இன்னா பண்ணுவ? உன் நாக்க அறுத்துக் குடுப்பியா?"

அப்படியானால் ஏன் வீட்டுச் சாப்பாடு நிற்கவில்லை, இது மட்டும் எப்படி நிற்கிறது என்று கேட்டேன். எல்லாமே சப்பென்றுதானே இருக்கும்? அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"சாமச் சோத்த வாயில வெச்சா, அது எப்புடி இருக்கும்னு எனக்குத் தெரியும். ரசம்னா எப்புடி இருக்கும்னு தெரியும். அது இல்லன்னதும் வயிறு பொரட்டிகினு வருது. மண்ணத் தின்ற மாதிரி, பொணத்தத் தின்ற மாதிரி. இது எப்புடி இருக்கும்னே எனக்குத் தெரியாதே. பன்னி தின்னிருக்கேன், இந்த மாதிரி தின்னதே கெடையாது. அதனால இன்னா இல்லன்னும் தெரியல. சூடா இருக்குது, முழுங்கிடறேன்."

அதைக் கேட்டுவிட்டு நான் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்தேன். வாளி கழுவிய நாட்களிலெல்லாம் வராத அழுகை அன்றைக்கு வந்தது. என்னென்னவோ சுவையாகச் செய்து போட்டதெல்லாம் அவளுக்குப் பிணமாக இருந்திருக்கிறது. அவள் குடித்தது ருசிக்காக அல்ல. நான் மூக்கைக் கட்டிக்கொண்டு செய்வதும், அவள் நாக்கு இல்லாமல் குடிப்பதும் ஒன்றுதான். பசி ருசி அறியாது என்பார்கள். அவளுக்குப் பசியும் இல்லை, ருசியும் இல்லை. சும்மா பிழைத்திருப்பதற்காக விழுங்குகிறாள்.

அடுத்த முறை வேலூர் போனபோது மருத்துவரிடம் நாக்கைப் பற்றிக் கேட்டேன். "பெரும்பாலும் திரும்பி வந்துடும். எப்பன்னு சொல்ல முடியாதுங்க. கொஞ்சம் பேருக்கு முழுசா வராமலும் இருக்கலாம்" என்றார். அவள் பக்கத்திலேயே இருந்தாள். இந்த முறை தனியாகக் கூப்பிட வேண்டாம் என்று அவளே சொல்லியிருந்தாள். எடை இறங்கவில்லை. கொஞ்சம் ஏறிக்கூட இருந்தது. மருந்து ஏற்றினார்கள்.

அதன் பிறகு தினமும் அதுதான், பட்டை மட்டும் பேருக்கு ஒரு துண்டு. ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தியதும் துண்டை நனைத்துக் கட்டிக்கொள்வேன். பழகிவிட்டது என்று எழுத ஆசைதான். பொய் சொல்ல மாட்டேன், பழகவே இல்லை. முன்பாவது கொட்டகைக்குப் போனால்தான் வாடை. பிறகு ஸ்டீயரிங்கைப் பிடித்தாலும் கையிலிருந்து புண்ணாக்கு வீசியது. சோப்பு போட்டேன், எலுமிச்சை தேய்த்தேன், சாம்பல் போட்டேன். சாப்பிடும்போது என் சோற்றிலேயே அது வந்தது. பட்டைகளைப் பிரிக்கும்போது கேட்கும் அந்த ஈரச் சத்தம் தூக்கத்திலும் கேட்டது. மழைக்காலத்தில் கரண்ட் போய் ஃப்ரிட்ஜ் நின்றுபோனது. பட்டைகள் கெட்டுவிட்டனவா இல்லையா என்று என்னால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. கெடாதபோதே அப்படித்தானே நாறியது? எதற்கு வம்பு என்று குழி தோண்டிப் புதைத்தேன். நாய் தோண்டி எடுத்தது. அன்று மிசோவும் காய்கறியும் மட்டும் போட்டுக் கொடுத்தேன். அவள் வித்தியாசம் கேட்கவில்லை.

அவள் கேட்காததுதான் எனக்குத் தாங்க முடியாமல் போயிற்று. கேரட் வேகாத நாளிலும் கேட்கவில்லை, அடிப்பிடித்த நாளிலும் கேட்கவில்லை. கிண்ணத்தைக் கையில் கொடுத்தால் வாங்குவாள், எதிரே ஓடும் ஓடையைப் பார்த்துக்கொண்டே குடிப்பாள், கிண்ணத்தைத் திருப்பிக் கொடுப்பாள். ஒருநாள் நான் எரிச்சலில், "எதுனா சொல்லேன்டி" என்று கத்திவிட்டேன். "இன்னாங்க சொல்றது? சூடா இருக்குது" என்றாள். எங்கள் கல்யாண வாழ்க்கை முழுக்க என் சமையலில் நொட்டை சொன்னவள் அவள். ஒருவேளை மருத்துவர் சொன்ன அந்தக் கொஞ்சம் பேரில் இவளும் ஒருத்தியோ என்று அந்த நேரத்தில் நினைத்தேன்.

கடைசி மருந்து ஏற்றி முடித்தார்கள். உடம்பு தேறுகிறது என்றார்கள். தலையில் பூனைமுடி மாதிரி முளைத்தது. நடக்க ஆரம்பித்தாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆரம்பித்தாள். ஆனால் சோறு மட்டும் ஆகவில்லை. ஒரு வாய் வைத்துப் பார்ப்பாள், தட்டைத் தள்ளிவிட்டுக் கொட்டகைக்கு வந்துவிடுவாள். மச்சான் டப்பா அனுப்பிக்கொண்டே இருந்தான். ஆயுசுக்கும் இதைத்தான் கிண்டப் போகிறேன் என்று முடிவு செய்துகொண்டேன். தலைக்கு மேல் போன வெள்ளம், சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன.

புளி உலுக்குகிற சமயம். அன்றைக்கு மதியமே சவாரி முடிந்து வந்துவிட்டேன். வழக்கம்போலச் செய்து, கிண்ணத்தில் ஊற்றி நீட்டினேன். அவள் ஜீப் படியில் உட்கார்ந்து வாங்கினாள். மரத்தடியில் புளி பொறுக்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டே ஒரு வாய் உறிஞ்சினாள்.

உறிஞ்சியவள் உட்கார்ந்தபடியே உறைந்தாள். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. கண் விரிந்தது. மூக்கு சுருங்கியது. புருவம், உதடு என்று ஒவ்வொன்றாகக் கோணியது. வாந்திதான் என்று நான் வாளிக்கு ஓடினேன். பின்னால், "தூ!" என்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், வாயிலிருந்தது முழுக்க என் ஜீப்பின் டயர் மேல் வழிந்துகொண்டிருந்தது.

"யோவ்! இன்னாய்யா இது?" என்றாள். புறங்கையால் நாக்கைத் துடைத்தாள். "சீ! கருமம்! மாட்டுத் தொட்டியக் கழுவி ஊத்துனியா? உப்புக் கரிக்குது. அழுகுன சோயா வாட வேற. பன்னிக் கொழுப்பு தொண்டையில ஒட்டிகினு எறங்கவே மாட்டேங்குது. இந்தக் கருமத்தையா இத்தினி மாசமா எனக்கு ஊத்திகினு இருந்த? மனுசன் குடிப்பானா இத?"

நான் வாளியோடு நின்றேன். மூக்கில் கட்டிய துண்டை அவிழ்க்கக்கூடத் தோன்றவில்லை.

"இன்னொருதபா சொல்லு" என்றேன்.

"இன்னாத்த?"

"உப்பு எப்புடி இருக்குது?"

அவளும் அப்போதுதான் தான் பேசியதைக் கேட்டாள் போலிருக்கிறது. வாய் திறந்தபடி இருந்தது. கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மெதுவாக அதை மறுபடி உதட்டுக்குக் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் உறிஞ்சினாள். உடம்பு ஒரு உலுக்கு உலுக்கியது. இந்த முறை துப்பவில்லை. விழுங்கினாள்.

"கரிக்குது" என்றாள். "சீ, எவ்ளோ கரிப்பு."

"போதும், குடு இப்புடி. கொட்டிடறேன்" என்று கையை நீட்டினேன்.

"கைய எடுய்யா" என்று கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். அடுத்த வாயை உறிஞ்சினாள். "முள்ளங்கி வேவவே இல்ல." இன்னொரு வாய். "கேரட்டு இனிக்குது, இதுல போயி இனிப்பு. தூ." இன்னொரு வாய். கண்ணீர் வழிந்து மூக்குச் சளியோடு சேர்ந்து கிண்ணத்தில் விழுந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. என் அப்பன் பாட்டனை, தன் தம்பியை, ஜப்பான்காரர்களை, எல்லோரையும் திட்டிக்கொண்டே, மிச்சம் ஒரு சொட்டு இல்லாமல் குடித்துவிட்டு, கிண்ணத்தை என்னிடம் நீட்டி, "இன்னும் ஊத்து" என்றாள்.